எட்டு மாத உணவுக் கட்டுப்பாடு: எடையும் நின்றுவிட்டது, ஊக்கமும் குறைகிறது

கேள்வி: தஞ்சை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. தஞ்சாவூரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (ஹெச்பிஏ1சி) நீரிழிவுக்கு முந்தைய நிலையான 6.1 ஆக இருப்பதும் பரிசோதனையில் தெரியவந்ததால், மருத்துவரின் அறிவுரைப்படி உணவைக் குறைத்து மாலையில் நடக்கத் தொடங்கினேன். அப்போது என் எடை 82 கிலோ. உயரம் 156 செ.மீ. முதல் ஐந்து மாதங்களில் 73 கிலோவுக்கு இறங்கினேன். அதற்குப் பிறகு மூன்று மாதங்களாக எடை அப்படியே நிற்கிறது.

காலையில் இரண்டு இட்லியும் சாம்பாரும், மதியம் ஒரு கிண்ணம் சோறும் பொரியலும் மோரும், இரவில் இரண்டு சப்பாத்தி அல்லது கேழ்வரகு தோசை என்று உண்கிறேன். காப்பிக்குச் சர்க்கரை சேர்ப்பதில்லை. பசி தாங்க முடியாத அளவுக்கு இல்லை. சலிப்புதான் தாங்க முடியவில்லை. தொடக்கத்தில் பார்ப்பவர்கள் எல்லோரும் "இளைத்துவிட்டீர்களே" என்றார்கள். இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. வீட்டில் கணவரும் இரண்டு பையன்களும் மாமியாரும் வழக்கம்போலச் சாப்பிடுகிறார்கள்; ஐந்து பேருக்கும் சமைப்பவள் நான். ஆவணி பிறந்துவிட்டால் திருமணங்கள், அதன்பின் நவராத்திரி, தீபாவளி. ஆசிரியர் அறையில் யாருக்கேனும் பிறந்தநாள் வராத வாரமே இல்லை. அலமாரிக் கதவின் உட்புறம் "62" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். முன்பு அதைப் பார்த்தால் உற்சாகமாக இருந்தது, இப்போது எரிச்சலாக இருக்கிறது.

ஆண்டுக்கணக்கில் இதைத் தொடர்ந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். இந்த நடுக்கட்டத்தை எப்படிக் கடந்தீர்கள்? மன உறுதியை வளர்த்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை மட்டும் வேண்டாம். நாளும் நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்புகளைச் சமாளிப்பவளிடம் மன உறுதிக்குக் குறைவில்லை.

பதில் 1: கோவை நடையர்

வணக்கம் அம்மா. நான் பணி ஓய்வு பெற்றவன். ஐம்பதைக் கடந்தபின் 15 கிலோவுக்கு மேல் குறைத்து, ஓரிரு கிலோ ஏற்ற இறக்கத்துடன் இத்தனை ஆண்டுகளாக அதைக் காப்பாற்றி வருகிறேன். ஊக்கம் என்பது எல்லா நாளும் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு என்பது என் கருத்து. அது இல்லாத நாள்களிலும் வேலை நடக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டால், இருக்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்க்கவே தேவையிராது.

என் ஏற்பாடு ஆட்களைச் சார்ந்தது. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நாங்கள் ஐந்து பேர் விடியற்காலையில் சந்திப்போம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் கைப்பேசியில் அழைத்துவிடுவார். அந்த அழைப்புக்குப் பதில் சொல்வதைவிட எழுந்து போய்விடுவது எளிது. எடையைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. அரசியல், மருமகன், முழங்கால் வலி, இவைதான் பேச்சு. தஞ்சையில் உங்கள் பள்ளியிலேயே சர்க்கரைக்காகவோ இரத்த அழுத்தத்துக்காகவோ நடக்கவேண்டிய ஓர் ஆசிரியை நிச்சயம் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

திருமணப் பந்தியைப் பற்றி ஒரு சொல். முகூர்த்த நாளில் காலைச் சிற்றுண்டி, மதிய விருந்து என்று இரண்டும் இருக்கும்; எது என்று முதல்நாளே முடிவு செய்து ஒன்றுக்கு மட்டும் உட்காருங்கள். பந்தியில் பரிமாறும் வேகத்தில் யோசிக்க நேரம் கிடைக்காது. இலையில் விழுந்ததை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆகவே விழுவதற்கு முன்பே இலைக்கு மேல் கையை நீட்டிவிட வேண்டும். கூட்டு, பொரியல், பச்சடி ஆகியவற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். சாம்பார் சாதத்துடன் சோற்றை நிறுத்திக்கொண்டு ரசத்தைக் கையில் வாங்கிக் குடியுங்கள். பாயசத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேண்டாம் என்றால் நான்கு பேர் காரணம் கேட்பார்கள், நீங்கள் பந்தியில் உட்கார்ந்து கல்லீரலைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு கரண்டி வாங்கிச் சுவைத்துவிட்டு எழுந்துவிடலாம்.

"வாரத்தில் ஒரு நாள் எதையும் தின்னலாம்" என்ற முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் குழுவில் ஒருவர் அதைப் பின்பற்றினார். மற்ற ஆறு நாளும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே பேசினார்.

பதில் 2: மதுரை உணவியலாளர்

தோழிக்கு வணக்கம். மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். உங்கள் கேள்வியில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஓர் எண் இருக்கிறது: 82 கிலோவில் 9 கிலோ என்பது 11 விழுக்காடு. அமெரிக்காவில் 3,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2002இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவு மாற்றமும் உடற்பயிற்சியும் மேற்கொண்ட பிரிவினருக்கு வைக்கப்பட்ட இலக்கே உடல் எடையில் 7 விழுக்காடுதான். அந்தப் பிரிவில் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய ஆய்வு இன்னும் சுவையானது. அதில் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. நீங்கள் இந்த முயற்சியைத் தொடங்கியது சர்க்கரைக்காகவும் கல்லீரலுக்காகவும். அவை என்ன ஆயின என்று இதுவரை பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எட்டு மாதமாக எடைக்கருவி ஒன்றிடம் மட்டுமே மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அது பேசுவதை நிறுத்தியதும் உழைப்பே வீண் என்று தோன்றுகிறது.

எடை ஏன் நின்றது என்பதற்கு வருகிறேன். முதல் வாரங்களில் இறங்கும் எடை முழுவதும் கொழுப்பு அன்று. உடலில் சர்க்கரைச் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்ற பொருள், கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவு குறைந்தவுடன் அது கரைய, தண்ணீரும் வெளியேறும். அந்த வேகத்தையே இயல்பு என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் பின்னர் மனம் தளர்கிறார்கள். அடுத்து, 73 கிலோ உடம்புக்கு 82 கிலோ உடம்பின் செலவு கிடையாது. வழக்கமாக நாங்கள் பயன்படுத்தும் கணக்கின்படி, ஓய்வு நிலையில் உங்கள் உடல் செலவிடும் ஆற்றல் நாளொன்றுக்கு 1,420 கலோரியிலிருந்து 1,330 கலோரிக்கு இறங்கியிருக்கும். நடமாட்டத்தையும் சேர்த்தால் 120 கலோரிக்கு மேல் வித்தியாசம். அன்று எடையைக் குறைத்த அதே தட்டு இன்று ஏறக்குறைய எடையை நிறுத்திவைக்கும் தட்டாக மாறியிருக்கிறது. இதில் உங்கள் உறுதிக்கு எந்தப் பங்கும் இல்லை.

பசி ஹார்மோன்களும் இதில் சேர்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 50 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைந்து ஓராண்டு ஆன பிறகும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தும், நிறைவைச் சொல்லும் லெப்டின் தாழ்ந்தும் இருந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அவர்களின் ஓய்வுநிலை ஆற்றல் செலவு எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் சில மாதங்களில் மிகப் பெரும் எடையை இழந்தவர்கள். அந்த எண்ணை உங்களுக்குப் பொருத்திப் பார்த்து அஞ்ச வேண்டாம். மெதுவாகப் போவதற்கு நான் ஆதரவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் தட்டில் எனக்குக் குறையாகத் தெரிவது புரதம். இரண்டு இட்லியில் அது 4 கிராம் அளவே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம், உங்களுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் ஆகும். நீங்கள் எழுதியுள்ள உணவில் அதில் பாதி வந்தாலே பெரிது. ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் 12 முதல் 14 கிராம், இவற்றோடு தயிர், பாசிப்பயறு, மீன் சாப்பிடுபவராக இருந்தால் குழம்பு மீன் இரண்டு துண்டு. சோற்றைக் குறைத்த இடத்தில் வேறெதையும் வைக்காமல் விட்டால், மாலை ஐந்து மணிக்கு ஆசிரியர் அறைக் கேக்கை மறுப்பதற்கு அளவுக்கு மீறிய வலிமை தேவைப்படும். சுண்டல் தின்றுவிட்டுப் போனால் அவ்வளவு தேவைப்படாது. நடப்பதோடு வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சிகளையும் சேருங்கள். உணவு குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது.

அலமாரிக் கதவில் இருக்கும் 62ஐ எடுத்துவிடுங்கள். அடுத்த இலக்கு 70 ஆகட்டும். இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ) 23க்கு மேல் போனாலே எடை மிகுதி என்று வகைப்படுத்துகிறோம். அந்தக் கணக்கில் உங்களுக்கு 56 கிலோ என்றுகூட ஒருவர் சொல்லக்கூடும். அது வகைப்படுத்துவதற்கான எல்லை. எல்லோரும் சென்று சேர வேண்டிய இடம் அன்று. இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.யை நோக்கி இறங்குகிறதா என்பது கல்லீரலுக்கு அதைவிடப் பொருத்தமான கேள்வி.

சலிப்பு மிகுதியாக இருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுவதும் ஒரு வழி. ஆஸ்திரேலியாவில் உடற்பருமன் கொண்ட 51 ஆண்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், இரண்டு வாரம் கட்டுப்பாடு, இரண்டு வாரம் எடை நிலைக்கும் அளவு உணவு என்று மாறிமாறி இருந்தவர்கள், இடைவிடாமல் குறைத்தவர்களைவிட அதிக எடை இழந்தார்கள்: 14 கிலோவும் 9 கிலோவும். ஆனால் மொத்தக் காலம் அவர்களுக்கு ஏறக்குறைய இருமடங்கு ஆயிற்று. பெண்கள் அந்த ஆய்வில் இல்லை. ஆகவே கூடுதலாக இளைக்கலாம் என்று இதைச் சொல்லவில்லை. திட்டமிட்டு எடுக்கும் ஓய்வால் முயற்சி கெடாது என்பதற்காகச் சொல்கிறேன். இடைவெளி என்றால் ஒரு சப்பாத்தியும் அரைக் கிண்ணம் சோறும் கூடுவது. தீபாவளிப் பலகாரத் தட்டு அதில் அடங்காது.

கோவை ஐயா சொன்ன துணை பற்றி: 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நண்பர்களோடு சேர்ந்து வந்து குழு ஆதரவும் பெற்றவர்களில் 95 விழுக்காட்டினர் எடைக்குறைப்புப் பயிற்சியை முடித்தார்கள், தனியாக வந்து வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 76 விழுக்காட்டினர். குறைந்த எடையைப் பத்தாம் மாதம் வரை முழுமையாகக் காப்பாற்றியவர்களைப் பார்த்தால் வித்தியாசம் பெரிது: 66 விழுக்காடும் 24 விழுக்காடும்.

எடையை மட்டும் வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் பார்த்துக் குறித்து வாருங்கள். எடையைக் குறைத்துக் காப்பாற்றுபவர்களை 1994 முதல் பதிவு செய்துவரும் அமெரிக்கப் பதிவேட்டில், முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள்.

பதில் 3: திருவான்மியூர்வாசி

உணவியலாளர் சொன்னவற்றுள் கடைசிப் பத்தியை மட்டும் நான் ஏற்கவில்லை. அந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் ஏற்கெனவே வெற்றி பெற்றவர்கள். எடை பார்த்துப் பார்த்து மனம் ஒடிந்து விட்டுப் போனவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்கமாட்டார்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் நீர் தேங்கி ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறுவதும், அதைக் கொழுப்பு என்று எண்ணி அன்றிரவு பட்டினி கிடப்பதும், மறுநாள் கிடைத்ததையெல்லாம் தின்பதும் எத்தனை பெண்களுக்கு நடக்கிறது? தொப்புளை ஒட்டித் தையல்காரர் நாடாவால் மாதம் ஒரு முறை அளந்தால் போதும். உள்தையலைப் பிரித்துப் பெரிதாக்கிய ரவிக்கை ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கும். அது தளர்கிறதா என்று பாருங்கள்.

பதில் 4: மதுரை உணவியலாளர்

எண்ணைப் பார்த்துப் பட்டினி கிடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நீங்கள் சொல்வதே சரி. என்னிடம் வருபவர்களில் சிலரை எடைக்கருவியைத் தூக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாரந்தோறும் பார்ப்பதில் வேறு பயன் இருக்கிறது: இரண்டு கிலோ ஏறும்போதே தெரிந்துவிடும், ஆறு கிலோ ஏறிய பிறகு திடுக்கிட வேண்டாம். ஆசிரியை எந்த வகை என்பதை அவரே அறிவார்.

தஞ்சை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. மேலும் இரண்டு கேள்விகள். எங்கள் பள்ளியில் ஒருவர் வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வேகமாக இளைத்துவருகிறார். நான் இவ்வளவு பாடுபடுவது வீண் என்ற எண்ணம் அவரைப் பார்க்கும்போது வருகிறது. இரண்டாவது, என் மாமியார். அவருக்கு 71 வயது. நான் இளைப்பதைக் காண அவருக்குப் பொறுக்கவில்லை; நான் மறுத்தாலும் தோசைக்கல்லில் நெய்யை ஊற்றிவிடுவார், "பிள்ளை பெற்ற உடம்பு, வாடக்கூடாது" என்பார். அன்பால் செய்வதை எப்படித் தடுப்பது?

பதில் 5: பாளையங்கோட்டை மருமகள்

மாமியார் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அக்கா. தடுக்காதீர்கள், பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். என் மாமியாரிடம் "டாக்டர் கொள்ளும் கீரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார், உங்கள் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை" என்றேன். அன்றிலிருந்து கொள்ளு ரசம், அகத்திக்கீரை, பயறு சுண்டல் என்று அவரே தேடிச் செய்கிறார். ஊட்டிவிட வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு ஆசை. என்ன ஊட்டுவது என்பதை நாம் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பரிசோதனைத் தாளையும் அவரிடம் காட்டுங்கள். "இளைக்கிறேன்" என்றால் அவருக்குக் கவலை. "சர்க்கரை வராமல் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அவரே நெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுவார்.

உங்களுக்கென்று தனிச் சமையல் செய்வதையும் விட்டுவிடுங்கள். எண்ணெயை மாதக் கணக்கில் பாருங்கள். எங்கள் ஊட்டச்சத்து வகுப்பில், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஐந்து பேருக்கு மாதம் ஏறக்குறைய நான்கு லிட்டர், நெய்யும் அதற்குள் அடக்கம். மளிகைப் பட்டியலில் ஆறு லிட்டர் இருந்தால், ஆளுக்கு நாளும் நூறு கலோரிக்கு மேல் தாளிப்பிலும் தோசைக்கல்லிலும் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நான்கு லிட்டர் மட்டும் வாங்கி, மாதத்தின் முதல் நாளே நான்கு புட்டிகளில் ஊற்றி வாரத்துக்கு ஒன்றாக எடுத்தால், யாரிடமும் எதையும் மறுக்க வேண்டியதில்லை. பையன்களுக்குத் தெரியவே தெரியாது.

பதில் 6: மதுரை உணவியலாளர்

ஊசியைப் பற்றி: டிர்செபடைடு, செமாகுளூடைடு ஆகிய இரண்டும் எடைக்குறைப்புக்காக 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. அவை வேலை செய்கின்றன. செமாகுளூடைடு ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. மருந்தை நிறுத்தி ஓராண்டு ஆனபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியும் வந்தது. உங்கள் சக ஆசிரியை எந்தக் காரணத்துக்காகப் போட்டுக்கொள்கிறார் என்பது நமக்குத் தெரியாது. அவருக்கு அது தேவையாகவே இருக்கலாம். மருந்தில்லாமல் 11 விழுக்காடு குறைத்து மூன்று மாதம் ஏறாமல் வைத்திருக்கும் நீங்கள் அவரோடு ஒப்பிட்டுக்கொள்ளக் காரணமே இல்லை. தேவையா என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்; மருந்துக் கடையில் கேட்காதீர்கள்.

அவரைப் பார்க்கப் போகும்போது ஹெச்பிஏ1சி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எஸ்ஜிபிடி உள்ளிட்ட கல்லீரல் பரிசோதனை, கொழுப்பு அளவுகள் ஆகியவற்றை மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். தைராய்டும் பார்க்கப்படாமல் இருந்தால் டிஎஸ்ஹெச்சையும் சேர்த்துவிடலாம். உங்கள் வயதில் எடை நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருப்பதுண்டு. ஸ்கேன் மறுபடி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். முடிவுகள் வந்தபின் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். 70ஐ நோக்கி உடனே தொடங்குவதா, ஆவணித் திருமணங்கள் முடியும் வரை 73இலேயே நிலைப்பதா என்பதை அப்போது முடிவு செய்யலாம்.